வகுப்பறையில் அமர்ந்திராத பேகம் ருகையா, நம் பெண் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளி

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. என்ன பாடம் நடந்தது, பரீட்சையில் எத்தனை மதிப்பெண், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்கிறோம். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், டீச்சர் உன்னிடம் எப்படிப் பேசினார், வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்ல உனக்குத் தைரியம் வந்ததா என்று கேட்கும் பெற்றோர் குறைவு. ஆனால் ஒரு பெண் பிள்ளை தான் யார், தன்னால் எது முடியும், எது தனக்கு எட்டாதது என்ற எண்ணங்களைப் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. கூட இருக்கும் தோழிகளும், சொல்லித் தரும் ஆசிரியையும், வழியனுப்பி வைக்கும் வீட்டாரும் அவளை எந்தக் கண்ணால் பார்க்கிறார்களோ, அந்தக் கண்ணால்தான் அவளும் தன்னைப் பார்க்கப் பழகுகிறாள்.

இந்த உண்மையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் பெண்மணி நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். பள்ளிக்கூட வகுப்பில் மாணவியாக அமரும் வாய்ப்பே கிடைக்காதவர் அவர். அந்த இழப்பின் வலியிலிருந்துதான் அவருக்கு இது புரிந்தது. அவர் பேகம் ருகையா சகாவத் ஹுசைன். பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகளாரின் பெயரைத் தாங்கிய அவர் வங்காளத்தில் பிறந்து, கல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை நிறுவி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கட்டிக் காத்தவர். அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

பெண்களிடமிருந்தே ஒளிய வேண்டியிருந்த சிறுமி

ருகையா 1880-ல் ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்த் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை பெரும் நிலச்சுவான்தார். பல மொழிகள் கற்றவர். ஆண் பிள்ளைகள் இருவரையும் கல்கத்தாவுக்கு அனுப்பி, புனித சவேரியார் கல்லூரியில் ஆங்கிலக் கல்வி கற்க வைத்தார். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுச் சட்டம் வேறாக இருந்தது. குர்ஆனைப் பொருள் தெரியாமல் ஓதவும், கொஞ்சம் உருது படிக்கவும் தெரிந்தால் போதும் என்றார்கள். வங்காளத்தின் மேட்டுக்குடி முஸ்லிம் குடும்பங்கள் அன்று வங்க மொழியைத் தங்கள் மொழியாகக் கருதவில்லை. பெண் பிள்ளை அதைப் படிப்பது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு. ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கோஷா முறையும் அங்கே மார்க்கம் சொன்ன அளவைத் தாண்டிப் போயிருந்தது. ஐந்து வயதிலேயே ருகையா வெளிப் பெண்களின் கண்ணிலும் படக்கூடாது என்று கட்டுப்பாடு. யாராவது பெண் விருந்தாளி முற்றத்துக்குள் நுழைந்தால், உயிருக்குப் பயந்தவள் போல ஓடி எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பணிப்பெண்கள் இருவர் வீடு முழுக்கச் சுற்றித் திரிந்ததால், அந்தப் பிஞ்சு நாட்கணக்கில் மேல்மாடி மூலையில் பதுங்கிக் கிடந்தது. பசியோடு இருந்த அவருக்கு, ஏறக்குறைய அதே வயதுடைய அக்கா மகன் எப்போதாவது ஏதாவது கொண்டுவந்து கொடுத்தான். பிற்காலத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு பெண் குழந்தைக்கு இந்த ஓட்டமும் ஒளிதலும் என்ன பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகம் தனக்குரிய இடமல்ல, தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணின் முகம்கூடப் பயப்பட வேண்டியது என்றுதான் அந்த மனம் கற்றிருக்கும். தோழி என்ற உறவே இல்லாத பிள்ளைப் பருவம் அது.

அக்காவும் அண்ணனும்

பள்ளிக்கூடம் கிடைக்காத ருகையாவுக்கு இரண்டு உறவுகள் பள்ளிக்கூடமாக அமைந்தன.

முதலாவது, அக்கா கரீமுன்னிசா. ருகையாவைவிட இருபத்தைந்து ஆண்டுகள் மூத்தவர். தம்பிமார் படிப்பதைப் பார்த்துப் பார்த்து, முற்றத்து மண்ணில் எழுத்துகளைக் கீறித் தானாகவே வங்க மொழி கற்றவர். ஒருநாள் கையும் புத்தகமுமாகத் தந்தையிடம் பிடிபட்டார். தந்தை கோபிக்கவில்லை, படிக்கவும் அனுமதித்தார். ஆனால் உற்றார் உறவினரின் ஏச்சும் பேச்சும் அவரால் தாங்க முடியாத அளவுக்குப் போனது. படிப்பு நின்றது. கரீமுன்னிசா உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, சிறு வயதிலேயே திருமணம் செய்து வைக்கப்பட்டார். இளமையிலேயே கணவரையும் இழந்தார். இத்தனைக்குப் பிறகும் படிப்பை விடவில்லை. மகன்கள் இருவரையும் நன்றாகப் படிக்க வைத்தார். அவர்கள் வங்காள அரசியலில் பெயர் சொல்லும் அளவுக்கு உயர்ந்தார்கள். முதுமையில், குர்ஆனின் பொருளை நேரடியாக அறிய வேண்டும் என்ற ஆசையில் அரபி படிக்கத் தொடங்கினார். தங்கைக்கு வங்க எழுத்தை அறிமுகம் செய்தவரும் அவரே.

இரண்டாவது, அண்ணன் இப்ராஹீம் ஸாபிர். கல்லூரியில் தான் கற்றதைத் தங்கைக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பகலில் சொல்லிக் கொடுத்தால் வீட்டில் பிரளயம் வரும். ஆகவே எல்லோரும் உறங்கிய பின், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து ஆங்கிலமும் வங்கமும் படித்தார்கள்.

இந்த இருவருக்கும் ருகையா காட்டிய நன்றி சாதாரணமானதல்ல. பின்னாளில் தம் நாவலை அண்ணனுக்குக் காணிக்கையாக்கினார். கட்டுரைத் தொகுப்பின் இரண்டாம் பாகத்தை அக்காவுக்குக் காணிக்கையாக்கினார். வங்க மொழி பேச ஆளில்லாத ஊரில் பதினான்கு ஆண்டுகளும், உருது வழிப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளும் கழித்த பின்னும் தாய்மொழியை மறக்காமல் இருக்கக் காரணம் அக்காவின் அன்புதான் என்று அதில் பதிவு செய்தார்.

நம் வீட்டு அண்ணன் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். தங்கை படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது நம் பையன்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்? பெண் என்றால் இவ்வளவுதான் என்று அந்த வீடு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒருவர் இல்லை என்று எண்ணினார். ஒரு பெண் பிள்ளை தன்னை நம்புவதற்கு அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது.

கணவரின் துணையும் மதராஸில் வெளியான கதையும்

1890-களின் பிற்பகுதியில் ருகையாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் சையித் சகாவத் ஹுசைன், பீகாரின் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர், மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர். உருது பேசும் குடும்பம். ஆனாலும் மனைவி வங்க மொழியில் எழுத அவர் ஊக்கம் கொடுத்தார். ஆங்கிலத்தில் மேலும் தேர்ச்சி பெறவும் உதவினார். பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்துபோயின. அந்த துக்கத்திலும் எழுத்து அவருக்கு ஆறுதலாக இருந்தது.

1905-ல் அவர் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். கணவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில் பொழுதுபோக்காக எழுதியது. திரும்பி வந்த கணவர் நின்றுகொண்டே முழுவதையும் படித்துவிட்டு, ஆண்களை நன்றாகப் பழிவாங்கியிருக்கிறாய் என்ற பொருளில் பாராட்டினாராம். அந்தக் கதையை வெளியிட்டது நம் மதராஸிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகை. 'சுல்தானாவின் கனவு' என்று உலகம் இன்று அறியும் கதை அதுதான். 1908-ல் நூலாகவும் வந்தது.

கதையில் ஒரு நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கற்பனையின் வேர் எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்த நாட்டு ராணி முதலில் போடும் உத்தரவு, பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதுதான். ஊரெங்கும் பெண்கள் பள்ளிகள் எழுகின்றன. இருபத்தொரு வயதுக்கு முன் திருமணம் கூடாது என்று சட்டம் வருகிறது. பிறகு பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில் மேகத்திலிருந்து நீரை எடுக்கும் முறையையும், இன்னொன்றில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் முறையையும் கண்டுபிடிக்கிறார்கள். பெண்கள் ஒன்றாகக் கூடிப் படிக்கும் இடம் கிடைத்தால், இயற்கையிலேயே பெண்ணால் முடியாது என்று நாம் எண்ணி வந்தவை எத்தனை மாறிப்போகும் என்பதையே கதை காட்டுகிறது. ஒருநாள்கூடப் பள்ளி மாணவியாக இருந்திராத பெண் கண்ட கனவு இது.

அவருடைய எல்லா எழுத்தையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருள் கொள்ள வேண்டாம். 1904-ல் பெண்களின் தாழ்நிலை பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையில், வேதங்களைப் பற்றிய சில பத்திகள் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. கட்டுரை நூலில் சேர்ந்தபோது அந்த ஐந்து பத்திகள் இடம்பெறவில்லை. அவற்றை நாமும் ஏற்பதற்கில்லை. அதற்காக, பெண் பிள்ளைகளின் கல்விக்காக அவர் பட்ட பாட்டை மறைத்துவிடுவதும் நியாயமாகாது.

ஐந்து மாணவிகள்

சகாவத் ஹுசைன் 1909 மே 3 அன்று வஃபாத்தானார். முஸ்லிம் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்க வேண்டும் என்று மனைவிக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்திருந்தார். இத்தா முடிந்த சிறிது காலத்திலேயே, அதே ஆண்டு அக்டோபரில், பாகல்பூரில் ஐந்தே மாணவிகளுடன் ருகையா பள்ளியைத் தொடங்கினார். ஆனால் சொத்துப் பிரச்சினையில் கணவரின் முதல் தாரத்து மகள் தரப்பிலிருந்து தொல்லைகள் வந்தன. வீட்டையும் ஊரையும் விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். 1911 மார்ச் 16 அன்று வலியுல்லாஹ் சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணவிகளுடன் பள்ளி மறுபடியும் தொடங்கியது. கணவர் பெயரையே அதற்கு வைத்தார்: சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி.

பள்ளி நடத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஒரே ஆசிரியை ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்ல முடியும் என்பதே ஆரம்பத்தில் அவருக்குப் புதிராக இருந்ததாம். வாழ்நாள் முழுவதும் அவர் அறிந்த கல்வி, இரவில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்த கல்விதானே. ஆகவே கல்கத்தாவில் பிறர் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்து, வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். வயது முப்பதைத் தாண்டிய நிலையில், பெண் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கும் காட்சியைப் பார்வையாளராகப் பார்த்தார்.

முஸ்லிம் ஆசிரியைகள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கயா, ஆக்ரா, மதராஸ் என்று வெளியூர்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். உள்ளூரிலேயே ஆசிரியைகளை உருவாக்க வேண்டும் என்று அரசை விடாமல் வற்புறுத்தினார். அதன் பலனாக 1919-ல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வந்தது. தன்னைப் போலவே உடுத்தி, தன்னைப் போலவே தொழுது, அதே சமயம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிற ஒரு பெண்ணைத் தினமும் வகுப்பில் பார்க்கும் மாணவி, நாளை தானும் அப்படி ஆகலாம் என்று எண்ணத் தொடங்குவாள். அந்த எண்ணத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது.

வீடு வீடாகப் போய் மாணவிகளைச் சேர்த்தார். 1915-ல் மாணவிகள் எண்ணிக்கை 84 ஆனது. குர்ஆன் ஓதுதலும் அதன் விளக்கமும், உருது, பார்சி, ஆங்கிலம், வங்கம் ஆகியவையும் பாடத்தில் இருந்தன. முதலுதவி, நோயாளியைப் பராமரித்தல், தையல், சமையல், உடற்பயிற்சி ஆகியவையும் இருந்தன. இதைக் கூர்ந்து பார்த்தால் அவருடைய நோக்கம் விளங்கும். வீட்டுப் பொறுப்புகளை அவர் இழிவாக நினைக்கவில்லை. அவற்றையும் அறிவோடு செய்ய வேண்டும் என்றார். அதோடு நில்லாமல், எழுத்தர் பணி முதல் நீதிபதி பதவி வரை பெண்ணால் முடியும் என்றும் எழுதினார். வண்டியின் ஒரு சக்கரம் பெரிதாகவும் மறு சக்கரம் சிறிதாகவும் இருந்தால், வண்டி முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றும் என்பது அவர் சமுதாயத்துக்குச் சொன்ன உவமை.

பேருந்தின் திரை

பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் போட்ட முதல் நிபந்தனை, வண்டியில் முழு கோஷா வேண்டும் என்பது. அப்படியே ஒரு பேருந்து ஏற்பாடானது. நான்கு பக்கமும் மூடியிருந்தது. காற்று வர முன்னும் பின்னும் ஒரு சிறு கம்பி வலைப் பட்டை மட்டும். முதல் நாளே பிள்ளைகள் இருட்டில் அலறினார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். சிலர் மயங்கி விழுந்தார்கள். பெற்றோர்களிடமிருந்து புகார் வந்தது. பக்கத்து ஜன்னல்களைத் திறந்து திரை தொங்கவிட்டார்கள். இப்போது வேறு சிலரிடமிருந்து கடிதங்கள் வந்தன. காற்றில் திரை பறக்கிறது, கோஷா போய்விட்டது, சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் எழுதிப் பள்ளியைச் சந்தி சிரிக்க வைப்போம் என்று எச்சரித்தார்கள். மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். இந்த நிகழ்ச்சியை 1931-ல் வெளிவந்த 'அவரோதபாசினி' என்ற நூலில் ருகையா சேர்த்திருக்கிறார்.

ருகையா பர்தாவுக்கு எதிரானவர் அல்லர். வெளியே போகும்போது அவரே புர்கா அணிந்தார். ஒழுக்கமான உடை பெண்ணின் முன்னேற்றத்துக்குத் தடையல்ல என்று தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மார்க்கம் சொன்ன பர்தா வேறு, மூச்சுத் திணற அடைத்து வைக்கும் வழக்கம் வேறு என்பதுதான் அவருடைய வாதம். கல்வியைப் பெண்ணுக்கும் கடமையாக்கிய மார்க்கத்தின் பெயரால் பெண்ணின் கல்வியை மறுக்கலாமா என்று கேட்டார். மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) காட்டிய அன்பையும் மரியாதையையும் நினைவூட்டினார்.

அந்தப் பேருந்தில் மயங்கிய பிள்ளைகளின் இடத்திலிருந்து யோசித்தால் இன்னொன்றும் தெரியும். அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும், திரையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் பெரியவர்கள். அந்தப் பிள்ளைகள் மறுநாளும் அதே வண்டியில் ஏறி வந்தார்கள். வந்து சேரும் இடத்தில் அவர்களைப் போன்ற பிள்ளைகள் இருந்தார்கள்; சேர்ந்து படித்தார்கள்; உடற்பயிற்சி செய்தார்கள். ஐந்து வயதில் பெண்களைக் கண்டே ஓடி ஒளிந்த ருகையா, இந்தப் பிள்ளைகளுக்குத் தோழிகளைக் கொடுத்தார்.

அடையாளம் தொலையாமல்

பெண்கள் படித்தால் போதும், எங்கே படித்தாலும் சரி என்று ருகையா இருந்துவிடவில்லை. வாழ்க்கையின் இறுதி ஆண்டுகளில் அவர் எழுதிய ஒரு கட்டுரை, இன்றைய முஸ்லிம் பெற்றோருக்காகவே எழுதியது போலிருக்கும். பிற சமயத்தவர் நடத்தும் பள்ளிகளுக்குப் போகும் நம் பெண் பிள்ளைகள், அங்கே பழகும் சூழலால் தங்கள் தீனின் அடிப்படைகளே அறியாமல் வளர்கிறார்கள் என்று அதில் வருந்தினார். அந்தப் பள்ளிகளை அவர் திட்டவில்லை. அவரே அவற்றைப் பார்த்துக் கற்றவர்தான். தவறு நம்முடையது, நாம் ஒரு நல்ல பள்ளியைக் கட்டித் தரவில்லை என்றார். ஆரம்ப வகுப்பிலேயே குர்ஆனைப் பொருளுடன் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அதே ருகையா 1924-ல் எழுதிய 'பத்மராக்' நாவலில், இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் ஒரே கூரையின் கீழ் சகோதரிகளாக வாழ்ந்து, பள்ளியும் கைத்தொழில் கூடமும் நடத்தும் ஓர் இல்லத்தைப் படைத்தார். இரண்டும் முரண் அல்ல. தன் மார்க்கத்தை நன்கு அறிந்த பெண்ணால்தான் பிறரோடு தயக்கமில்லாமல் பழக முடியும். தன்னைத் தெரியாதவள், யாரோடு இருக்கிறாளோ அவர்களாகவே மாறிவிடுவாள். இல்லாவிட்டால் எல்லோரையும் கண்டு ஒதுங்குவாள். நம் பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் நாம் இன்றும் பார்க்கிறோம்.

பள்ளிக்கு வெளியே இருந்த பெண்களையும் அவர் விடவில்லை. 1916-ல் அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்ற முஸ்லிம் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் அது உதவியது. சேரிகளுக்குப் போய் எழுத்தறிவும் சுகாதாரமும் சொல்லிக் கொடுத்தது. ஆரம்பத்தில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. ஒருமுறை ஒரு பெண்மணியைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, கூட்டம் கூட்டம் என்று சொல்லி அழைத்து வந்தீர்களே, அதைக் கண்ணில் காட்டவே இல்லையே என்று கேட்டாராம். பெண்கள் ஒன்றாகக் கூடிப் பேசுவதே ஒரு கூட்டம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

விட்டுச் சென்றது

1932 டிசம்பர் 9 அதிகாலையில் ருகையா இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முந்தைய இரவு வரை எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணின் உரிமை பற்றிய கட்டுரை ஒன்று முடிவடையாமல் மேசையில் கிடந்தது. கல்கத்தாவை அடுத்த சோத்பூரில் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்குள் அவருடைய பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்திருந்தது. இன்றும் அது கொல்கத்தாவில் அரசுப் பெண்கள் பள்ளியாக அவர் கணவரின் பெயரோடு இயங்கி வருகிறது. வங்கதேசம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 9-ஐ ருகையா தினமாக நினைவுகூர்கிறது; ரங்பூரில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு.

அவர் விட்டுச் சென்ற மனிதர்கள் இதைவிட முக்கியமானவர்கள். ஷம்சுன் நஹார் என்ற சிட்டகாங் பெண், கோஷாவின் பெயரால் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டவர். வீட்டிலிருந்தே படித்துத் தேறி, பட்டமும் பெற்றார். ருகையாவின் அன்புக்குரிய மாணவி போல உடன் நின்று அஞ்சுமன் பணிகளில் உழைத்தார். பின்னாளில் கல்லூரிப் பேராசிரியையாக உயர்ந்தார். ருகையாவின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவரே. வங்கத்தின் புகழ்பெற்ற கவிஞர் சுஃபியா கமாலும் இளம் வயதில் அஞ்சுமன் பணிக்காகக் கல்கத்தா சேரிகளில் நடந்தவர்தான். இவர்கள் இருவருமே ருகையாவின் வகுப்பறையில் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு மூத்த பெண் தங்களை மதித்து நடத்தியதால், தங்களைத் தாங்களே மதிக்கக் கற்றார்கள். அக்கா கரீமுன்னிசா மண்ணில் கீறிய எழுத்து இத்தனை தூரம் வந்திருக்கிறது.

நம் வீட்டுக்குத் திரும்புவோம்

அல்ஹம்துலில்லாஹ், இன்று நம் ஊர்களில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். மூடிய வண்டியில் மயங்கி விழும் நிலை இல்லை. ஆனாலும் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல மாப்பிள்ளை வந்தது என்பதற்காகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தும்போது, பாடத்தை மட்டுமா நிறுத்துகிறோம்? அவளை அவளாக அறிந்த தோழிகளையும், அவளை நம்பிய ஆசிரியையையும் சேர்த்தே ஒரே நாளில் பறித்துவிடுகிறோம். கணக்கில் ஆர்வமுள்ள மகளிடம் இதெல்லாம் உனக்கு எதற்கு என்று விளையாட்டாகச் சொல்லும் சொல்லை, அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளிலும் மத்ரஸாக்களிலும், பெண் பிள்ளை எழுந்து நின்று சந்தேகம் கேட்டால் அவளை வாயாடி என்கிறோமா, அறிவாளி என்கிறோமா?

மதீனாவின் பெண்கள், ஆண்களே தங்களைச் சூழ்ந்துகொள்வதால் எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் துணிந்து கேட்டார்கள். பெருமானாரும் அவர்களுக்கு ஒரு நாளை ஒதுக்கிப் போதித்தார்கள். கேட்கும் துணிவும் கொடுக்கும் மனமும் நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருந்தவை. ருகையா புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. நாம் தொலைத்ததைத் தேடினார்.

இன்று மாலை மகள் பள்ளிவிட்டு வந்ததும், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், உன் தோழிகள் யார், இன்று என்ன பேசினீர்கள், டீச்சரிடம் என்ன கேட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். அவள் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது அதிலிருந்து தெரியும்.

பேகம் ருகையாவின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய நற்பணிகளை ஏற்று, அவருக்கு வல்ல அல்லாஹ் சுவனத்தை வழங்குவானாக. நம் பெண் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நல்ல தோழமையையும், தீனில் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.